நீலக் கோடு போட்ட செங்கல்

மார்ச் 2, ஞாயிறு

வெயில். வேலை இல்லை. கிடங்கில் கூட்டம் நடந்தது. வசந்தாமணி தலைவர் ஆனாள். இரவு தோசை.

மார்ச் 3, திங்கள்

நேற்று எழுதியது போதாது. சைட்டில் எத்தனை ஆள், என்ன வேலை, மழை உண்டா இல்லையா என்று வருடக்கணக்காக எழுதி வருகிறவன், நடந்ததில் பாதியை விட்டுவிட்டால் அதற்குப் பெயர் டைரி இல்லை.

ரகுராமன் சாரின் கம்பெனியில் நான் தலைமைக் கொத்தனார். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பழைய வீட்டையோ மண்டியையோ இடிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் சார் அங்கே போய் நிற்பார். உத்திரம், ஓடு, ஜன்னல், செங்கல் என எதெல்லாம் இன்னும் உழைக்குமோ அதைச் சேதமில்லாமல் கழற்றி வந்து, அதை வைத்தே புதுக் கட்டடம் கட்டுவோம். போன வருடம் சாருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். மைசூருக்கே வந்துவிடச் சொல்லி மகள் பிடிவாதம் பிடித்தாள். கோயம்புத்தூர் புரமோட்டர் ஒருவர் கம்பெனியை விலைக்குக் கேட்டார். சார் கொடுக்கவில்லை. "உங்க கை இல்லாம இது வெறும் போர்டு. நீங்களே வெச்சுக்குங்க" என்று எங்கள் பதினொரு பேருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆளுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு ஓட்டு. 'மறுவீடு கட்டுமானத் தொழிலாளர் கூட்டுறவு' என்று பெயர் வைத்தோம். அதைப் பார்த்துவிட்டு, மறுவீட்டு விருந்துக்கு எத்தனை பேருக்குச் சமைப்பீர்கள் என்று இதுவரை இரண்டு பேர் போன் செய்துவிட்டார்கள்.

நேற்று தலைவர் தேர்தல். சுவருக்குப் பூசும் பட்டி வந்த வாளியைக் கழுவி அதில் சீட்டுப் போட்டோம். நான்தான் வருவேன் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். நானும் வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டுப் போயிருந்தேன். டெம்போ ஓட்டும் தங்கராசு எழுந்து வசந்தாமணி பெயரைச் சொன்னபோது விளையாட்டு என்று சிரித்தேன். எனக்குக் கலவை எடுத்துத் தரச் சித்தாளாக வந்தவள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு கிடங்குப் பொறுப்பு அவள் கைக்கு வந்தது. எந்தக் கதவு எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த மரத்தில் பூச்சி இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாள். அதற்காகத் தலைவரா?

அவளுக்கு ஏழு ஓட்டு. எனக்கு மூன்று. தச்சர் இப்ராகிம் பாய் இரண்டு பெயருக்கும் டிக் போட்டதால் அது செல்லாது. மூன்றில் ஒன்று யாருடையது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். மற்ற இரண்டு தெரியாது.

இருவரும் ஒரே வண்டியில் வீடு வந்தோம். இறங்கியதும் கேட்டாள்.

"ஏனுங்க, கோவமுங்களா?"

"எனக்கென்ன கோவம்?"

"அப்பச் சட்டையக் கழட்டிக் குடுங்க, அலசிப் போடறேன்."

ஒரு மணி நேரம் போட்ட சட்டை. அலச வேண்டியதே இல்லை. கழற்றிக் கொடுத்தேன்.

மார்ச் 5, புதன்

சைட்டில் எல்லாரும் அவளை அக்கா என்கிறார்கள். பாய் 'தலைவரம்மா' என்கிறார். நான் எப்போதும் 'ஏம்புள்ள' என்று கூப்பிடுகிறவன். இன்று சாரம் கட்டக் கயிறு வேண்டியிருந்தது. யாரையும் கூப்பிடாமல் நானே கிடங்குவரை நடந்து போய் எடுத்து வந்தேன். நடப்பது உடம்புக்கு நல்லது.

மார்ச் 12, புதன்

மெர்சி டீச்சர் கிடங்குக்கு வந்தார். கிணத்துக்கடவில் வாடகை வீட்டில் சிறப்புக் குழந்தைகளுக்குப் பகல்நேரப் பள்ளி நடத்துகிறவர். முப்பது பிள்ளைகள். வீட்டுக்காரர் மே மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். நல்ல மனிதர் ஒருவர் இடம் கொடுத்திருக்கிறார். கட்டத்தான் கையில் பெரிதாகப் பணம் இல்லை.

"எங்க பிள்ளைகளுக்கு இடம் மாறினாலே பத்து நாள் தூக்கம் வராது, அக்கா. அதனால மாறினா ஒரே தடவையா மாறிடணும்" என்றார்.

பிறகு கூட்டம். பொள்ளாச்சியில் பழைய வெல்ல மண்டி ஒன்றை இடிக்கப் போகிறார்கள், அதன் கூரையும் செங்கல்லும் கிடைத்தால் பள்ளிக்குப் போதும் என்றாள் வசந்தாமணி. "ஜூன் மழைக்கு முன்னாடி கூரை ஏறோணும். முடியுமா?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான்.

"மேஸ்திரி மனசு வெச்சா முடியுமுங்க" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மனசு வைக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 21, வெள்ளி

மண்டியைப் பிரிக்கிறோம். ஜேசிபிக்காரர் ஒருவர் வந்து, ஒரே நாளில் தரைமட்டமாக்கித் தருகிறேன் என்றார். தங்கராசுக்கு ஆசை. வசந்தாமணி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். கூரைமேல் இருந்து தரைவரை ஏணியில் வரிசையாக நின்று, ஓடுகளைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினோம். வரிசையில் எனக்குக் கீழ்ப்படியில் அவள். ஒவ்வொரு ஓடாக அவள் கையில் கொடுத்தேன். பேச்சு தேவைப்படாத வேலை. மத்தியானத்துக்குள் எங்கள் கைகளுக்கு ஒரு தாளம் வந்துவிட்டது.

தேக்கு உத்திரங்கள் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. பாய் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மார்ச் 27, வியாழன்

சுவரையும் பிரித்தாயிற்று. முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ள செங்கல் எல்லாம் கறுத்துக் கிடக்கிறது. உரசினால் வெல்ல வாசனை. தங்கராசு ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு டீ கேட்டான். வசந்தாமணி அவற்றைத் தனியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் நீலப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. தோட்டப் பாதைக்கு என்று பாயிடம் சொன்னது காதில் விழுந்தது. பாதைக்குப் போட இவ்வளவு நல்ல செங்கல்லா?

ஏப்ரல் 6, ஞாயிறு

ஈரோட்டிலிருந்து மகள் பிருந்தா பேசினாள். "அப்பா, அம்மா தலைவராமா! எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தேன்" என்றாள். சந்தோஷம் என்றேன். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை மட்டும் ஏன் அவ்வளவு மெதுவாகக் கேட்டாள் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

கம்பெனியை விலைக்குக் கேட்ட அந்தப் புரமோட்டரின் ஆள் போன் செய்தார். கோயம்புத்தூரில் வில்லா கட்டுகிறார்களாம். சூப்பர்வைசர் வேலை. தங்க இடம். "உங்களை மாதிரி சீனியர் ஒருத்தர் யாருக்குங்கீழயும் வேலை செய்ய வேண்டியதில்லீங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் இதைச் சொல்லும்படியான நேரம் அமையவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

அஸ்திவாரம் முடிந்து போன வாரமே சுவர் வேலை தொடங்கியது. இரண்டு சிறிய அறைகள், ஒரு நீளக் கூடம். அறைகளின் சுவர் எழும்பிவிட்டது. கூடத்தின் மேற்குச் சுவருக்கு வந்தபோது செங்கல் தீர்ந்துபோனது. அடுத்த லோடு நாளைக்குத்தான். வசந்தாமணி கூட்டுறவுப் பதிவு வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்தாள். நீலக் கோடு போட்ட செங்கல் சைட்டிலேயே அடுக்கிக் கிடந்தது. ஆட்கள் கை கட்டி நிற்பதை என்னால் பார்க்க முடியாது. எடுத்துக் கட்டச் சொன்னேன்.

போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று தங்கராசு சொன்னான். பஸ்ஸில் சிக்னல் இருக்காது.

ஏப்ரல் 24, வியாழன்

செங்கல் நனைக்கிற தொட்டித் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கிறது. பழைய செங்கல் என்றால் அப்படித்தான். தண்ணீர் லாரி வராததால் கலவைக்கும் அதையே மொண்டு ஊற்றினோம். சுவர் நல்ல வேகத்தில் ஏறுகிறது. தூக்குக் குண்டு பிடித்துப் பார்த்தேன், நூல் பிசகவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

மேற்குச் சுவர் நெஞ்சு உயரம். கலவை கொஞ்சம் மெதுவாகப் பிடிக்கிறது. வெயில் போதவில்லை.

ஏப்ரல் 30, புதன்

நல்ல வெயில். தலை சுற்றியதென்று இரண்டு பேர் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மே 2, வெள்ளி

மேற்குச் சுவரில் எறும்பு. சாரி சாரியாக ஏறுகிறது. கோடைக்காலத்தில் சகஜம்.

மே 3, சனி

எறும்புப் பொடி வாங்கினேன். கணக்கில் எழுதவில்லை, என் கைக்காசு.

மே 6, செவ்வாய்

வரும் திங்கள்கிழமை உத்திரம் ஏற்றலாம் என்று பாய் சொன்னார். ஒரு வாரம் தள்ளிப் போடலாம் என்றேன். ஏன் என்று கேட்டார். நாள் நன்றாக இல்லை என்றேன். பாய் நாள் பார்க்கிறவர் இல்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இழைப்புளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாப்பாடு இறங்கவில்லை. புளிக்குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

மே 8, வியாழன்

வசந்தாமணி சைட்டுக்கு வந்தாள். சிறிய அறைகளைச் சுற்றிப் பார்த்தாள். கூடத்துக்கு வந்தாள். மேற்குச் சுவரின் அடியில் உட்கார்ந்து, இன்னும் பூசாத அந்தச் செங்கல்களில் இருந்த நீலக் கோடுகளைப் பார்த்தாள். தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து இரண்டு செங்கலுக்கு நடுவே குத்தினாள். கலவை மாவு மாதிரி உதிர்ந்தது. பிறகு தொட்டிப் பக்கம் போய்த் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"இனிக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான். ஆட்கள் முன்னால் வேறெதுவும் சொல்லவில்லை. டீ வந்ததும் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் விளக்கு வைத்த பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தன நாளாத் தெரியுமுங்க?"

"கொஞ்ச நாளா."

"திங்கக்கெழம உத்திரம் ஏத்தியிருந்தா?"

"ஏத்த விட்டிருக்க மாட்டேன். பாய்கிட்டத் தள்ளிப் போடச் சொன்னேன்."

"அது தெரியுமுங்க. பாய் வந்து சொன்னாரு. அதனாலதான் வந்தேன்." விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். "சனிக்கெழம கூட்டம். நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

"கட்டினவனையே கூட்டத்துல நிறுத்தறயா?"

"வூட்டுல நான் உங்க பொண்டாட்டிங்க. அந்தக் கூரைக்குக் கீழ குழந்தைங்க உக்காரப் போகுதுங்க."

எனக்கு வாயில் வந்தது இதுதான்: "எனக்குக் கோயமுத்தூர்ல வேல இருக்குது. சூப்பர்வைசர்."

"தெரியுமுங்க. அந்த ஆளு மொதல்ல கிடங்குக்குத்தான் வந்தாரு. நான்தான் உங்க நம்பரக் குடுத்தேன்."

"நீயா? எதுக்கு?"

"ஓட்டு எண்ணினப்ப உங்க மூஞ்சி போன போக்க நான் பாத்தேனுங்க. அந்த மூணுல ஒண்ணு நான் போட்டது. எனக்கு இந்தத் தலைவர் வேலையே வேண்டாமுன்னுதான் நெனச்சேன். அப்புறம் எல்லாரும் நம்பிக் குடுத்துட்டாங்க, என்னுங்க பண்றது? உங்களுக்கு இங்க சந்தோசமில்லீன்னா, சந்தோசமா இருக்கற எடத்துக்குப் போகட்டுமேன்னு குடுத்தேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மோர் கரைக்கப் போய்விட்டாள். கொண்டுவந்து வைத்த மோரைக் குடித்தேன்.

மே 9, வெள்ளி

விடிந்ததும் தனியாகச் சைட்டுக்குப் போனேன். மேற்குச் சுவரின் மேல் வரிசையில் ஒரு செங்கலைக் கையாலேயே எடுக்க முடிந்தது. நான் கட்டிய சுவர். இத்தனை வருடத்தில் என் சுவரிலிருந்து யாரும் கையால் ஒரு கல்லை எடுத்ததில்லை.

மைசூரில் இருக்கும் சாருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "சிமெண்டுக்குச் சர்க்கரை ஆகவே ஆகாது, சென்னியப்பன். கொஞ்சம் கலந்தாலே இறுகாது. நீங்க தொட்டி தொட்டியாப் பானகம் ஊத்தியிருக்கீங்க" என்றார் சார்.

"இடிச்சுத்தான் ஆகோணுங்களா?"

"இடிச்சுத்தான் ஆகணும். வசந்தாமணிகிட்டச் சொல்லியாச்சா?"

"அவதாங்க நக்கிப் பாத்துக் கண்டுபிடிச்சா."

சார் சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். ஸ்டென்ட் வைத்த நெஞ்சு. அவ்வளவு சிரிக்கக் கூடாது.

மே 10, சனி

கிடங்கில் கூட்டம். அடுக்கி வைத்த கதவுப் பலகைகள்மேல் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். வசந்தாமணி எடுத்தவுடன் என் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர் லாரி, இன்சூரன்ஸ், பாயின் ரம்பம் என்று ஒவ்வொன்றாகப் பேசி எனக்கு நேரம் கொடுத்தாள். பிறகு, "வேற யாராச்சும் பேசோணுங்களா?" என்றாள்.

எழுந்தேன். "தலைவர் அவர்களே" என்று வந்துவிட்டது. அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. யாரும் சிரிக்கவில்லை. நீலக் கோட்டைப் பார்த்தும் கேட்காமல் எடுத்ததை, தொட்டித் தண்ணீரை, எறும்பை, பொடியை எல்லாம் சொன்னேன். "செங்கல் தீந்துபோச்சுன்னு சொன்னேன். அது பாதி. பொண்டாட்டிகிட்டக் கேக்கறதான்னு நெனச்சேன். அது மீதி" என்றேன். உட்கார்ந்தேன்.

தங்கராசு கத்தினான். "ஏனுங்ணா, நான் அன்னிக்கே சொன்னனில்ல! இது சார் கம்பெனியா இருந்தா சார் பாத்துக்குவாரு. இப்ப நம்ம பதினொரு பேர் வேர்வையிங்ணா!"

அவன் சொன்னதில் தப்பில்லை. அதைவிட, மற்றவர்கள் ஒன்றுமே பேசாமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. முதலாளி திட்டினால் மனசுக்குள் திருப்பித் திட்டிக்கொள்ளலாம். இங்கே என்னைத் திட்ட வேண்டியவர்கள் எல்லாரும் எனக்குக் கலவை எடுத்துக் கொடுத்தவர்கள்.

நான் செலவை என் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வசந்தாமணி ஓட்டுக்கு விட்டாள். அவள் மட்டும் கை தூக்கவில்லை. வீட்டு விஷயம், எனக்கு ஓட்டு இல்லை என்றாள். பாய் எழுந்து, "இன்னிக்கு மேஸ்திரி கூலியப் பிடிச்சா, நாளைக்கு நான் ஒரு உத்திரத்த மாத்தி அறுத்துட்டா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். மறைச்சு ஏத்திருவேன். அது வேணுமா?" என்று கேட்டார். கூலி பிடிப்பதில்லை, எல்லாரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சும்மா வேலை செய்வது என்று முடிவானது. முதலில் கை தூக்கியது தங்கராசு. இன்னும் முறைத்துக்கொண்டுதான் தூக்கினான்.

மே 11, ஞாயிறு

நானும் அவளும் மெர்சி டீச்சர் வீட்டுக்குப் போனோம். "எங்க தப்பு, டீச்சர்" என்றாள் வசந்தாமணி. 'எங்க' என்றாள். இரண்டு வாரம் தள்ளும் என்று சொன்னோம். டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மாசக் கடைசில சாவியக் குடுக்கணும், அண்ணா. ரெண்டு வாரம் இவங்களை எங்க வெச்சுக்குவேன்?"

"எங்க கிடங்குல வெச்சுக்கலாமுங்க. பெரிய ஷெட்டு. ஃபேன் இருக்குது. நாங்க கூட்டிப் பெருக்கிக் குடுத்தர்றோம்" என்றாள். வழியில் வண்டியில் வரும்போது இது பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நிமிடத்தில்தான் தோன்றியிருக்க வேண்டும்.

மே 14, புதன்

மேற்குச் சுவரைப் பிரித்து முடித்தோம். கட்டியதைவிடச் சீக்கிரமாக வந்துவிட்டது. முதல் கல்லை நான் எடுத்தேன். கடைசிக் கல்லை யார் எடுத்தார்கள் என்று கவனிக்கவில்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் குனிந்திருந்தோம்.

கோயம்புத்தூருக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மே 19, திங்கள்

நல்ல செங்கல், நல்ல தண்ணீர். ஒவ்வொரு லோடையும் இறக்குமுன் அவளிடம் காட்டினேன். "இதெல்லாம் என்னக் கேக்கோணுமுங்களா? நீங்கதான் மேஸ்திரி" என்றாள். "நீ பாரு" என்றேன். பார்த்தாள்.

மே 25, ஞாயிறு

மழை முந்திக்கொண்டது. சம்பளம் இல்லாத ஞாயிறு, ஆனாலும் ஆள் குறையவில்லை. தார்ப்பாயைப் புதுச் சுவர்மேல் இழுத்துக் கட்டும்போது காற்று தூக்கியது. நானும் தங்கராசும் இரண்டு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தோம். "வுட்றாதீங்ணா! வுட்றாதீங்ணா!" என்று அவன் கத்தினான். விடவில்லை. நனைந்து இறங்கியதும் பீடியை நீட்டினான். நான் பீடி விட்டுப் பல வருடம் ஆகிறது. வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 2, திங்கள்

பிள்ளைகள் கிடங்குக்கு வந்துவிட்டார்கள். டீச்சர் பயந்தபடி பாதிப் பேர் அழுகை. நிலோபர் என்று ஒரு பெண், ஒன்பது வயது இருக்கும். யாரையும் பக்கத்தில் விடவில்லை. ஷெட் ஓரமாக நடந்து போய், நிலையோடு சாய்த்து வைத்திருந்த ஒரு கதவைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். பின்னால் வெறும் செங்கல் குவியல். அவள் முகம் தெளிந்துவிட்டது.

சாய்ந்து விழுந்துவிடுமே என்று, நானும் பாயும் அதை நிமிர்த்தி இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். கீலுக்கு எண்ணெய் விட்டேன். அடுத்த கதவையும் நிறுத்தினோம். மத்தியானத்துக்குள் ஷெட்டில் சுவரே இல்லாமல் ஐந்து கதவுகள் நின்றன. முப்பது பிள்ளைகளும் உள்ளே போய் வெளியே வந்து, உள்ளே போய் வெளியே வந்து, எது உள், எது வெளி என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. மெர்சி டீச்சர் உட்கார்ந்து சிரித்தார். இவரை நான் சிரித்துப் பார்த்தது இன்றுதான்.

ஜூன் 6, வெள்ளி

நிலோபரின் கதவை ஆனைமலைக்காரர் ஒருவர் முன்பே பேசி வைத்திருந்தார். இன்று எடுக்க வந்தார். தங்கராசு டெம்போவில் ஏற்றிவிட்டான். அவள் அழவில்லை. கதவு இருந்த இடத்தில் நின்று காற்றில் கையை நீட்டி இழுத்தாள். தள்ளினாள்.

வசந்தாமணியிடம் ஓடினேன். "தலைவரம்மா, அந்தக் கதவு பள்ளிக்கூடத்துக்கு வேணும். அதுல என்ன நட்டமோ அது பத்திக் கூட்டத்துல பேசிக்கலாம்."

"கூட்டம் நாளைக்குத்தானுங்க."

"டெம்போ இப்பப் போகுது."

என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவளே தெருவில் இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டெம்போவின் பின்னால் ஓடினாள். "தங்கராசு! டேய் தங்கராசு! நிறுத்துடா!" ஆனைமலைக்காரருக்கு வேறு ஒரு கதவு, அதைவிட நல்லது, கொடுத்து அனுப்பினாள்.

ஜூன் 7, சனி

கதவு விஷயம் கூட்டத்தில் வைக்கப்பட்டது. எல்லாரும் கை தூக்கினார்கள்.

ஜூன் 11, புதன்

உத்திரம் ஏறியது. மழை விட்ட இடைவெளியில் எல்லாரும் தோள் கொடுத்தோம். பாய் கீழே நின்று கையைத் தூக்கித் தூக்கிச் சைகை காட்டினார். மேற்குச் சுவர்மேல் தேக்கு வந்து உட்கார்ந்தபோது நான் சுவரில் உள்ளங்கையை வைத்திருந்தேன். அசையவில்லை.

ஜூன் 16, திங்கள்

பள்ளி திறந்தது. ரகுராமன் சார் மகளோடு மைசூரிலிருந்து வந்தார். ரிப்பன் எதுவும் இல்லை. நிலோபர் கதவைத் திறந்தாள், எல்லாரும் உள்ளே போனோம், மூடினாள், உள்ளேயே இருந்தோம், திறந்தாள். பாயசம். மேற்குச் சுவரில் சாய்ந்து ஒரு பையன் தூங்கிவிட்டான்.

சாயங்காலம் மொபெட்டில் கிளம்பினோம். வசந்தாமணி இந்த ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. பொள்ளாச்சி வருவதற்குள் அவள் தலை என் முதுகில் சாய்ந்தது. "வசந்தா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. விழுந்துவிடக் கூடாதே என்று அவள் கையை முன்பக்கம் இழுத்து, இடது கையால் என் வயிற்றோடு பிடித்துக்கொண்டேன். மொபெட்டில் கிளட்ச் இல்லாதது எவ்வளவு நல்லது என்று இன்றுதான் தெரிந்தது.

எங்கள் தெரு வந்தது. திரும்பினால் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் விழித்துவிடுவாள். எழுந்ததும் அடுப்பு, நாளைய வேலை, யாருக்கு எந்தச் சாமான் என்று ஆரம்பித்துவிடுவாள். திரும்பவில்லை. ஆனைமலை ரோட்டில் நேராக விட்டேன். தூறல் வலுக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. எதிரே மலையில் மேகம் இறங்கியிருந்தது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது.

"ஏனுங்க" என்று முதுகில் குரல் கேட்டது. "எங்க போறோம்?"

"சும்மாதான். திரும்பட்டுமா?"

என் வயிற்றில் இருந்த கையை அவள் எடுக்கவில்லை.

"இன்னுங் கொஞ்ச தூரம் போலாமுங்க" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

போனோம்.